சேவலிடம் உத்தரவு கேட்ட ஊர்

தர்ஷி, கவி, உங்கள் இரண்டு பேருக்கும் நான் திருத்திச் சொல்ல வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது சின்னது. நான் வெளிநாடு போய் வந்த வருடம், "எங்க அப்பா அல்பானியாக்காரங்க ஊருக்குப் போனாங்க" என்று தர்ஷி வகுப்பில் சொன்னாள். அட்லஸில் இத்தாலிக்குப் பக்கத்தில் இருக்கிற அல்பானியாவைத் தொட்டும் காட்டினாள். டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொன்னாராம். அது இல்லை மகள். அது வேறு அல்பானியா. நான் போனது அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே, கஸ்பியன் கடல் பக்கம். அந்த அல்பானியா இப்போது எந்த அட்லஸிலும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்பே அது படத்திலிருந்து போய்விட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கைதட்டு வாங்கி வந்த பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது பெரியது. அதைச் சொல்ல முழுப் பயணத்தையும் எழுத வேண்டும். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் நான் வேலை செய்கிற தேயிலைக் கம்பனி, பைக்கற்றில் தேயிலை அடைக்கும் மெஷின் இரண்டை அசர்பைஜான் நாட்டுக்கு விற்றிருந்தது. போய்ச் சேர்ந்ததும் இரண்டும் படுத்துக்கொண்டன. திருத்திப் பூட்டிக் கொடுத்து, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அந்த நாட்டின் தலைநகரத்துக்குப் பெயர் பாக்கு.

"பாக்குக்குப் போறீங்க, வெத்திலயும் சுண்ணாம்பும் கொண்டு போங்க தம்பி" என்றார் ஸ்டோர்ஸ் ஹனீபா நானா, பெக்டரி முழுக்கக் கேட்க. அலவத்துகொடைக்காரர், உங்களுக்குத் தெரியும். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாப்பாட்டப் பத்தி ஒண்டும் யோசிக்காதீங்க. முஸ்லிம் நாடு. கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்" என்று தைரியம் சொன்னார். அம்மா அவரை நம்பாமல் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டித் தந்தாள்.

முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது, தேத்தண்ணியில். இடுப்புச் சிறுத்த சின்னக் கண்ணாடிக் கிளாஸ். பால் கிடையாது. பக்கத்தில் ஒரு தட்டில் ஜாம். சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தச் சாயத்தை உறிஞ்சுகிறார்கள். அந்த பெக்டரிச் சாப்பாட்டு அறையின் எதிர்ச் சுவரில் கூடை மாட்டிய பெண் ஒருத்தியின் படம், அடியில் சிலோன் என்று எழுதியிருந்தது. அப்படிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்த ஒருவரையும் நான் பிறந்து வளர்ந்த புசல்லாவைத் தோட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் படத்துக்கு எதிரே போய்த்தான் தினமும் உட்கார்ந்தேன்.

மெஷினில் எனக்குத் துணையாக விட்டிருந்தவர் ஒலெக். ஐம்பது வயது, வெள்ளை மீசை, ஸ்பேனர் தேவைப்படாத கை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு வேறொன்றும் தெரியாது. கையாலும் தலையாலும் பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் மெஷினுக்குள் குனிந்து நிற்கும்போது அவர் தன் நெஞ்சைத் தட்டி, "ஊதி" என்றார். மெஷினில் பைக்கற் வருகிறதா என்று பார்க்கும் சின்னக் கண் ஒன்று உண்டு. அதில் தூசி. நானும் குனிந்து ஊதினேன். அவர் தலையை ஆட்டி, மறுபடி நெஞ்சைத் தட்டி, "ஊதி! ஊதி!" என்றார். போதவில்லையாக்கும் என்று கன்னம் வலிக்க ஊதினேன். தேயிலைத் தூசி முழுக்க அவர் மீசையில்.

சத்தம் கேட்டு ஒபீஸிலிருந்து ஓடி வந்த பெண் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஊதி" என்பது அவர்களுடைய சாதிசனத்தின் பெயராம். நான் அசர்பைஜானியும் இல்லை, ரஷ்யனும் இல்லை, ஊதி என்று அந்த மனிதர் தன்னை அறிமுகப்படுத்தியிருக்கிறார். அவள் ஒலெக்கின் மகள். பெயர் ஸ்வேதா. நம் பெயரே! ஆங்கிலம் படித்தவள். நான் சிவா என்றதும் ஒலெக் "ஸ்லீவா!" என்று தோளில் அடித்தார். ரஷ்ய பாஷையில் ஸ்லீவா என்றால் பிளம்ஸ் பழமாம். அன்றிலிருந்து அங்கே நான் பிளம்ஸ் பழம்.

இனி அவர்கள் பேசியதை எழுதும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அவர்கள் ஊதி பாஷையில் பேசுவார்கள், ஸ்வேதா ஆங்கிலத்தில் சொல்வாள். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். ஆகவே எனக்கு விளங்கினதை நம் வீட்டுப் பேச்சில் எழுதுகிறேன்.

மத்தியான இடைவேளைகளில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது இது. "எங்களுக்கு ஒரு ராஜ்யம் இருந்துச்சு அங்கிள். மலைக்கும் கூரா ஆத்துக்கும் நடுவுல. வெளியாளுங்க அத அல்பானியான்னாங்க. ஆயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்தியே எங்க ராஜா ஞானஸ்நானம் எடுத்துட்டாரு. அதுக்கும் முந்தி எருசலேம்ல இருந்து ஒரு சீடர் நடந்தே வந்து இங்க முதல் கோயிலக் கட்டுனாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எங்களுக்கு எழுத்துக்கூட இருந்துச்சு. அம்பத்திரண்டு எழுத்து."

எங்களுடையது இருநூற்று நாற்பத்தேழு என்றேன். அதைக் கேட்டதும் ஒலெக் வாயிலிருந்த சீனிக்கட்டியை விழுங்கிவிட்டார். "அப்ப உங்க பிள்ளைங்க எந்த வயசுல படிச்சு முடிப்பாங்க?" என்று கேட்டார்.

பிறகு பாரசீகர் வந்தார்கள், அரபுக்காரர் வந்தார்கள், ராஜ்யம் கரைந்தது. சனங்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வேறு மதம், வேறு பாஷை என்று மாறிப் பக்கத்துச் சனங்களோடு கலந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பெரிய கிராமமும் அங்கங்கே கொஞ்சப் பேரும்தான் அந்தப் பாஷையோடு மிச்சம். எழுத்தும் மறந்துபோயிற்று. பல நூறு வருடம் கழித்து, எகிப்துப் பக்கம் ஒரு வனாந்தர மடத்தில் தோலில் எழுதிய பழைய புத்தகம் அகப்பட்டது. தோல் அருமையான சாமான் என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு பாஷையில் எழுதியிருந்தார்கள். சுரண்டின இடத்தை விளக்கு வைத்துப் பார்த்தால் அடியில் அந்த ஐம்பத்திரண்டு எழுத்து. வேதாகமம். "அதுல உள்ள சொல்லுல பல சொல்லு இன்னைக்கும் எங்க அம்மா அடுப்படியில பேசுறதுதான்" என்றாள்.

"கோயிலுக்கு என்ன ஆச்சு?"

"நூத்தி எழுபது வருசத்துக்கு முன்ன ரஷ்யச் சக்கரவர்த்தி எங்க சபையக் கலைச்சு ஆர்மீனிய சபையோட சேர்த்துட்டாரு. பூசை அவங்க பாஷையில. பேரு எழுதுறதும் அவங்கதான், அதனால எங்க பேருக்கு வாலுல 'யான்' வந்துச்சு. விளங்காத பூசைக்கு எதுக்குப் போகணும்னு எங்க ஆளுங்க நெறையப் பேரு வீட்டுலயே இருந்துட்டாங்க."

"உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலையா?"

"சக்கரவர்த்தி கேப்பாரா அங்கிள்?"

எனக்கு நம் அரசாங்கக் கச்சேரி ஒபீஸ் ஞாபகம் வந்தது. வாசிக்கத் தெரியாத விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, வெளியே வந்து, "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று போகிற வருகிறவர்களிடம் கேட்கும் நம் ஆட்கள்.

வெள்ளிக்கிழமை ஒலெக் என் சப்பாத்தைக் காட்டி, மலையைக் காட்டி, வா என்றார். ஊரில் அவருடைய அண்ணன் வந்திருக்கிறாராம். பதினெட்டு வருடம் கழித்து ரஷ்யாவிலிருந்து வந்திருக்கிறார். அண்ணன் திரும்பி வந்து வீட்டுப் படியை மிதித்தால் கோயிலைச் சுற்றி ஒரு சேவல் கொடுப்பதாக ஒலெக் நேர்ந்திருந்தார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. சேவல் நேர்த்தி! அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஒரு வானில் புறப்பட்டோம். வழியெல்லாம் வளைவு. நம் றம்பொடைப் பாதைக்குக் கொஞ்சமும் குறையாது. அங்கேயும் ஆட்கள் ஏறும்போதே வாந்திக்கு என்று சொப்பிங் பேக்கைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். பாதி வழியில் வானின் இழுக்கிற கதவு கழன்று வெளியே தொங்கியது. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அப்படித்தான், பயப்படாதீங்க" என்றார். நானும் ஒலெக்கும் என் இடுப்பு பெல்ட்டால் அதைக் கட்டி, மீதிப் பாதை முழுக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். இடுப்பிலிருந்து இறங்கும் என் லோங்ஸைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. பின் சீட்டுப் பெண்கள் அதற்குச் சிரித்த சிரிப்பை ஸ்வேதா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஊரின் பெயர் நீஜ். வீடு கண்ணுக்குத் தெரியாது, மரம்தான் தெரியும். கஷ்கொட்டை, வாதுமை, ஹேசல் என்று அவர்கள் சொல்லும் கொட்டை மரம். ஒவ்வொரு வீடும் தன் தோப்புக்குள் போய் ஒளிந்திருக்கிறது. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் என்று தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த எனக்கு, இவர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சண்டைக்குக் கூப்பிடுவார்கள் என்று இருந்தது. ரோட்டின் நடுவில் பன்றிகள், குட்டிகளோடு, அவசரமே இல்லாமல்.

ஒலெக் வீட்டு மேசையில் உட்கார்ந்ததும் ஹனீபா நானாவுக்கு ஃபோன் போட்டேன். "நானா, இங்க ரோட்டுல பன்னி மேயுது."

"அல்லாஹ்வே! நீங்க வேற நாட்டுல எறங்கிட்டீங்க தம்பி. டிரைவர்கிட்ட நல்லா விசாரிங்க."

நானா, நானா என்று நான் பேசியதைக் கேட்ட ஒலெக்கின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு துண்டு பாண் வைத்தார். நமக்கு நானா என்றால் முஸ்லிம் அண்ணன், அவர்கள் பாஷையில் நானா என்றால் அம்மா. இந்த வயதிலும் அம்மாவோடு இவ்வளவு பாசமாகப் பேசுகிறானே என்று நினைத்துவிட்டார். திருத்தினால் அந்தப் பாண் திரும்பிப் போகுமோ என்று பேசாமல் சாப்பிட்டேன். பாருங்கள், பேசாமல் இருப்பது எனக்கு அங்கேயே பழகிவிட்டது.

அண்ணன் பெயர் ஜோரா. மெலிந்த, நீளமான மனிதர். நாங்கள் போனபோது கூரைமேல் நின்றார். அடுத்த டவுனில் அவருக்கிருந்த வீடு போய்விட்டது. ஊரில் அவர்கள் தகப்பனின் பழைய வீடு ஒலெக் வீட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. அதன் கூரையை அளந்து, சிகரெட் பெட்டியில் பென்சிலால் கணக்குக் குறித்துக்கொண்டிருந்தார். ஒலெக் அந்தச் சிகரெட் பெட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "அளக்கிறாரு. அப்ப இருப்பாரு போல" என்று ஸ்வேதா என் காதில் சொன்னாள். "அப்பா பதினெட்டு வருசமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கஷ்கொட்டை போட்ட நெய்ச்சோறு. கீரையைப் பொடியாக அரிந்து மாவுக்குள் வைத்துச் சுட்ட ரொட்டி. முசுக்கொட்டைப் பழத்தில் காய்ச்சின சாராயம். நம் சாராயத் தவறணைச் சரக்கு அதன் முன்னால் பிள்ளைகள் மருந்து. நான் கருவாட்டைப் பொரித்துக் கொடுத்தேன். ஜோரா முகர்ந்து பார்த்து, "இந்த மீன் எந்த வருசம் செத்துச்சு?" என்று கேட்டார். ஆனால் மூன்று துண்டு சாப்பிட்டார்.

மேசையில்தான் கேட்டேன், அண்ணன் ஏன் போனார் என்று. கடைசிச் சோவியத் வருடங்களில் ஆர்மீனியருக்கும் அசர்பைஜானியருக்கும் சண்டை மூண்டது. ஜோராவின் பெயருக்கு வாலில் 'யான்' இருந்தது. அந்த வாலைப் பார்த்து அவரையும் ஆர்மீனியர் என்று எண்ணி, அடுத்த டவுனிலிருந்து கிளப்பிவிட்டார்கள். உடுத்தின துணியோடு போனார்.

"உங்களுக்கு மட்டும் வாலு வேறயா?" என்று ஒலெக்கிடம் கேட்டேன். ஒலெக்கின் பெயர் 'ஓவ்' என்று முடியும்.

"கிளாக்கர் மாத்தி எழுதிட்டான். குடிகாரப் பய" என்றார் ஒலெக், எழுந்து பாண் வெட்டப் போனபடி. ஜோரா பாணை எடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை தூறல். கோயில் பழைய கல் கட்டடம், புதிதாகத் திருத்தியிருந்தார்கள். உள்ளே உட்காரக் கதிரை கிடையாது, வாங்கு கிடையாது. மணல் தட்டில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் சுவரில் நெற்றியை வைக்கிறார்கள். பூசை சொல்லவும் ஆள் இல்லை. நான் யாராவது தொடங்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது, நிற்பதுதான் பூசை. அவர்கள் பேச்சில் பூசை இல்லாமல் போன காலத்திலிருந்து பேசாமல் நிற்கப் பழகியிருக்கிறார்கள்.

வெளியே சேவல். வெள்ளைச் சேவல், காலில் சணல் கட்டு. கோயிலை மூன்று முறை சுற்ற வேண்டும். முதல் சுற்று ஒலெக் கொண்டுபோனார், இரண்டாவது ஜோரா. மூன்றாவதற்கு, விருந்தாளி என்று, என் கையில் தந்தார்கள். அந்தச் சூடும் நெஞ்சுத் துடிப்பும் கைக்குள் வந்ததும் நான் புசல்லாவைக்குப் போய்விட்டேன். எங்கள் தோட்டத்து முனியாண்டி, மஞ்சள் தண்ணி, தப்புச் சத்தம். சுற்றி முடித்ததும் ஒலெக் சேவலின் வாயில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். கத்தியை எடுத்தார். என் கை தானாகப் போய் ஸ்வேதாவின் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, சேவலின் தலையில் கொஞ்சம் ஊற்றியது. ஊற்றிவிட்டு நின்றேன்.

எல்லாரும் நின்றார்கள்.

"ஸ்லீவா எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு?" என்று ஒலெக் கேட்டார்.

"உத்தரவுக்கு" என்றேன். "எங்க ஊர்ல தண்ணி ஊத்துவோம். அது தலையச் சிலுப்புனா சரின்னு அர்த்தம். அப்பறந்தான் வெட்டுவோம்."

சேவலோ ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. காலையிலிருந்து தூறலில் நனைந்த சேவல். அதற்கு என் தண்ணீர் ஒரு பொருட்டா?

"சிலுப்பலேன்னா?" கேட்டவர் ஜோரா.

பிள்ளைகளே, இங்கேதான் நான் பிழைவிட்டேன். சுற்றிலும் இருபது முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் சிரிக்கும் கூடைக்காரியைத் தவிர எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள். ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"சிலுப்பலேன்னா வெட்ட மாட்டோம்" என்றேன். "அதுக்கு இஷ்டம் இல்லாம எங்க ஊர்ல வெட்டுறதே இல்ல."

ஸ்வேதா தயங்கினாள். "அப்படியே சொல்லவா அங்கிள்?"

"அப்படியே சொல்லு."

சொன்னாள். ஒலெக் சிரித்து, "நம்ம சேவலுக்குத் தமிழ் தெரியாது ஸ்லீவா, ஊதியில கேளு" என்றார். ஆட்களும் சிரித்தார்கள். ஜோரா சிரிக்கவில்லை. என் கையிலிருந்து சேவலை வாங்கி, சணலை அவிழ்த்து, வாதுமை மரத்தடியில் விட்டார். அது உடம்பை ஒருமுறை சரிப்படுத்திக்கொண்டு மெதுவாக நடந்து போனது. பிறகு ஜோரா தம்பியைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒலெக்கின் கை கத்தியோடு அப்படியே நின்றுவிட்டது.

அவர் சொன்னதை ஸ்வேதா அங்கே எனக்குச் சொல்லவில்லை. பாக்குவுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். உங்களுக்கு விளங்குவதற்காக இப்போதே எழுதுகிறேன்.

"கோழிகிட்டகூடக் கேக்குற ஊரு இருக்கு. என்கிட்ட யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

கிளாக்கர் மாற்றி எழுதவில்லை. அந்த வருடம் சண்டை வருகிறது என்று தெரிந்ததும் ஒலெக் தானாகவே ஒபீஸுக்குப் போய் 'யான்' என்ற வாலை வெட்டி 'ஓவ்' வைத்துக்கொண்டார். அண்ணனுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒன்றாகப் போய் நின்றால் அந்தக் கந்தோரில் சந்தேகப்படுவார்கள் என்று பயம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அடுத்த வாரம் அண்ணன் இல்லை. ஜோராவுக்கு இது எப்போதோ தெரியும். தெரிந்தும் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார், கூரையை அளந்திருக்கிறார். கேட்காமலே இருந்திருப்பார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

மத்தியானச் சாப்பாட்டில் சேவல் இல்லை. ஒலெக்கின் மனைவி என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். வான் வந்து ஹோர்ன் அடித்தபோது, ஜோராவும் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார்.

ஒலெக் அதே கழன்ற கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணே, குளிர் முடியற வரைக்குமாவது."

"கதவ விடு" என்றார் ஜோரா. "இந்தப் பழப்பய அதக் கட்டணும்."

அப்பா தனியாக இருக்கட்டும் என்று ஸ்வேதாவும் எங்களோடு வந்தாள். கடைசியாக வீட்டைவிட்டு இறங்கும்போது நான் பார்த்தேன், அளவு குறித்த சிகரெட் பெட்டி மேசையிலேயே கிடந்தது.

நாலு மணித்தியாலம் நான் ஜோராவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாவிட்டாலும், என்னால்தான் ஏதோ நடந்தது என்று தெரியும். அவருக்கோ என்மேல் ஒரு கோபமும் இல்லை. பையிலிருந்து கஷ்கொட்டை எடுத்து, தோல் உரித்து உரித்து என் கையில் வைத்தார். இடையில் ஸ்வேதாவிடம் ஏதோ சொல்லி, சொல்லு என்று என்னைக் காட்டினார்.

"உங்க சனங்க நல்ல சனங்கன்னு சொல்றாரு அங்கிள்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மை இதுதான். எங்கள் தோட்டத்தில் சிலுப்பாத சேவலை யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நான் பார்த்ததே இல்லை. சிலுப்பாவிட்டால் இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். அதற்கும் சிலுப்பாவிட்டால் முகத்தில் அடிப்பார்கள். காதுக்குள் விடுவார்கள். எப்படியும் ஒரு நேரம் அது தலையை உதறும். "உத்தரவு கெடச்சிருச்சு!" என்று பூசாரி கத்துவார். தப்பு முழங்கும்.

எனக்கு எட்டு வயதில், தோட்டச் சனத்தை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டபோது, என் பெரியப்பாவை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். உங்கள் தாத்தாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவருடைய சொந்த அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. பெரியப்பா இந்தியாவை ஒருநாளும் கண்ணால் கண்டவர் இல்லை. கந்தோரில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம், இந்தியாதானே, இந்தியாதானே என்று. நாலாவது தரம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் முனியாண்டிக்குச் சேவல் அறுத்தோம். அதுவும் லேசில் சிலுப்பவில்லை. அந்தச் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரியப்பாதான். தலைமன்னாரில் கப்பல் ஏறினவர், பிறகு வரவே இல்லை.

இதை நான் அந்த வானில் ஜோராவிடம் சொல்லியிருந்தால் அவர் திரும்பி இறங்கியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை சிரித்திருப்பார். ஆனால் உலகத்தில் கேட்டுவிட்டுச் செய்கிற ஊர் ஒன்று இருக்கிறது, தன் தம்பி மட்டும்தான் கேட்காதவன் என்று நினைத்துக்கொண்டு ரஷ்யாவுக்கு ரயில் ஏறியிருக்க மாட்டார். அவ்வளவுதான். எங்கள் சனத்தை நல்ல சனம் என்று ஒரு வெளியாள் சொல்லிவிட்டாரே, அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கஷ்கொட்டையை வாங்கித் தின்றுகொண்டு வந்தேன்.

மெஷின் இரண்டும் நன்றாக ஓடின. ஒலெக் கடைசி நாள்வரைக்கும் என்னை ஸ்லீவா என்றுதான் கூப்பிட்டார், தோளில் அடிப்பதுதான் நின்றுபோயிற்று. விமானத்தில் வந்து, பஸ்ஸில் வந்து, குண்டசாலையில் இறங்கி, உங்களுக்குப் பாக்குவின் கடற்கரையைப் பற்றியும் கதவு கழன்ற வானைப் பற்றியும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இதைச் சொல்லவில்லை.

போன வருடம் ஸ்வேதாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுமாரியில் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். தாத்தா வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டதாம். அந்தச் சிகரெட் பெட்டியை அப்பா இன்னும் எறியவில்லையாம். பிறகு ஒரு வரி: "பெரியப்பா ரஷ்யாவில் எல்லாரிடமும் உங்கள் ஊரைப் பற்றித்தான் சொல்கிறார். சேவலிடம்கூட உத்தரவு கேட்டுவிட்டுச் செய்கிற தேசம் என்கிறார். அப்பாவோடு மட்டும் பேசுவதில்லை."

நான் பதில் போடவில்லை.

போன மாதம் உங்களைத் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனேனே. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சேவல் தலையை உதறி, எல்லாரும் உத்தரவு கிடைத்தது என்று கத்தும்போது, நான் விலகி ரோட்டுக்குப் போய்விட்டேன். ஏன் என்று தர்ஷி இரண்டு தரம் கேட்டாள். கவி என் தோளில் இருந்தபடி சொன்னதுதான் காரணம். எண்ணிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

"அஞ்சாவது செம்புப்பா. அது சரின்னு சொல்லல. காதுக்குள்ள தண்ணி போயிருச்சு."

ஆறு வயதுப் பிள்ளை பார்த்ததை, நாற்பது வயதில், முப்பது பேருக்கு முன்னால் நான் மறைத்திருக்கிறேன். இன்றைக்கு ஸ்வேதாவுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலம் ஓடவில்லை. தர்ஷி, நீதான் எழுதித் தர வேண்டும். சுகம் விசாரித்து நாலு வரி போடு. அதன் கீழே, அவளுடைய பெரியப்பா ஜோராவிடம் இதை வாசித்துக் காட்டச் சொல்லி, நான் சொல்வதை அழகுபடுத்தாமல் அப்படியே எழுது: எங்கள் ஊரில் சிலுப்புகிற வரைக்கும் ஊற்றுவோம்.